பூஜ்யம் வரை எண்ணியவர்

அவர் இருக்கும் இடத்தில் எதையும் சும்மா தொடங்கிவிட முடியாது. பத்திலிருந்து கீழே எண்ணித்தான் தொடங்க வேண்டும். பிறந்தநாள் கேக், குத்துவிளக்கு, குழந்தைக்கு முதல் சோறு, புது வீட்டில் பால் காய்ச்சுவது, எதுவானாலும் "பத்து... ஒன்பது... எட்டு..." என்று கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கிளம்பும். எல்லோரும் சேர்ந்து நின்று படம் எடுக்கும்போதும் அப்படித்தான். நாலு வருவதற்குள் சிரிப்பெல்லாம் வடிந்துவிடும். சிட்னியின் மேற்குப் புறநகர்த் தமிழர்கள் அந்த வருடங்களில் எடுத்துக்கொண்ட படங்களைப் பாருங்கள், அத்தனை பேரும் துக்கம் விசாரிக்க வந்தவர்களைப் போல நிற்போம்.

பிள்ளைகள் அவரை ராக்கெட் அங்கிள் என்றார்கள். பெரியவர்கள் சார் என்றோம். நிலவுக்கு முதன்முதலில் மனிதர்களை ஏற்றிப்போன அந்த ராட்சத ராக்கெட்தான் அவருடைய மதம், அரசியல், பொழுதுபோக்கு எல்லாம். "அந்த ராக்கெட்டை நான் பாத்தப்போ..." என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார். புதிதாகக் கேட்பவர்கள் வாயைப் பிளப்பார்கள். ஒரு முறை யாரோ மரியாதையாக, "அப்ப உங்களுக்கு என்ன வயசு சார்?" என்று கேட்டார்.

"அம்பத்தி ஒண்ணு," என்றார் கூசாமல்.

மகளின் பட்டமளிப்புக்கு அமெரிக்கா போனவர், ஒரு கொட்டகைக்குள் படுக்க வைத்திருக்கும் பழைய ராக்கெட்டை டிக்கெட் எடுத்துப் பார்த்துவிட்டு வந்திருந்தார். அவ்வளவுதான் விஷயம். எஞ்சினின் வாய்க்குள் நின்றுகொண்டு கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் படம் அவருடைய போனில் இருந்தது. பார்க்காமல் அவரிடமிருந்து யாரும் தப்பியதில்லை.

ஒரு வங்கியின் மென்பொருள் பிரிவில் அவருக்குப் பெரிய வேலை. புதிதாக எழுதிய மென்பொருளை என்றைக்கு ஓடவிடுவது என்று முடிவு செய்கிறவர் அவர்தான். சோதித்துப் பார்த்த பெண் ஒருத்தி "இன்னும் ரெண்டு நாள் கொடுங்க" என்று கெஞ்சியும், சொன்ன நேரத்தில் ஓடவிட்டதை அவரே பெருமையாகச் சொல்லுவார். அந்த வாரக் கடைசி முழுவதும் அந்தப் பெண்ணும் இன்னும் சிலரும் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்து சரி செய்தார்களாம். "ஆனா லாஞ்ச் ஆன் டைம்!" என்று மேசையைத் தட்டுவார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் சிரித்தோம். அதில் சிரிக்க என்ன இருந்தது என்று இப்போது யோசித்துப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை.

நான் அவரை முதலில் பார்த்தது ஒரு நண்பரின் வீட்டில், நண்பரின் பையனுடைய ஐந்தாவது பிறந்தநாளன்று. எண்ணிக்கை தொடங்கும்போது பையன் கழிப்பறையில் இருந்தான். "கொஞ்சம் இருங்க சார், வந்துடுவான்," என்றாள் அவன் அம்மா. அவர் ஏழுக்கு வந்திருந்தார். ஆறு என்றார். பூஜ்யம் வந்ததும் யாரோ ஒருவர் கத்தியை எடுத்து வெட்டியே விட்டார். கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்த பையன் வெட்டின கேக்கைப் பார்த்து அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. அவர் குனிந்து அவன் கன்னத்தைக் கிள்ளினார்.

"லாஞ்ச் விண்டோ மூடிடும்டா கண்ணா, விடுற நேரம் தப்பிடும். நிலா உனக்காக நிக்குமா?"

எங்கள் தமிழ்ப் பள்ளிக்கு அவர்தான் செயலாளர். சனிக்கிழமைகளில் ஓர் அரசுப் பள்ளியின் வகுப்பறைகளை வாடகைக்கு எடுத்து நடத்தும் பள்ளி. அங்கேயும் மணி அடிப்பதற்கு, வாழ்த்துப் பாடுவதற்கு, சாப்பாட்டு டப்பாவைத் திறப்பதற்கு எண்ணிக்கைதான். அதன் பலனாக இங்கே பிறந்த எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழில் ஒன்றிலிருந்து பத்து வரை சொல்லத் தெரியாது, பத்திலிருந்து ஒன்று வரை தெரியும். ஹரிஸ் பார்க் கடைத்தெருவில் ஒரு கடையில் என் மகள் தட்டில் எடுத்து வைத்த சமோசாக்களைத் தொட்டுத் தொட்டுப் பத்து, ஒன்பது, எட்டு, ஏழு, ஆறு என்று எண்ணி முடித்து, "ஆறு இருக்குப்பா," என்றாள். இருந்தது ஐந்து. கடைக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். இதை நான் செயற்குழுவில் சொன்னபோது அவர் பூரித்துப் போனார். "பாத்தீங்களா, எண்கள் எப்படிப் பதிஞ்சிருக்கு!"

நான் பயப்படுகிற ஆள். அதை மறைத்ததும் இல்லை. பிள்ளைகளை ஏற்றிப்போகும் பேருந்தில் பெல்ட் இருக்கிறதா, கடற்கரையில் காவலர்கள் கொடி நட்ட இடத்துக்குள்தான் குளிக்கிறார்களா என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். ஒவ்வொரு முறையும் அவர் மற்றவர்கள் பக்கம் திரும்பிச் சொல்லுவார்: "தம்பி மாதிரி நாலு பேர் அன்னிக்கு அங்க இருந்திருந்தா, நாம இன்னும் நிலாவுக்கு மாட்டுவண்டி கட்டிக்கிட்டு இருப்போம்." எல்லோரும் சிரிப்பார்கள். என் மனைவியும்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ராக்கெட் கிளம்புவதை அவர் சொல்லிக் கேட்க வேண்டும். அப்போது மட்டும் அவர் வேறு ஆளாகிவிடுவார். குரல் தாழ்ந்துவிடும். முப்பது மாடிக்கும் மேலான உயரம், அடியில் ஐந்து எஞ்சின்கள். தீ மூண்டதும் அது எழும்பிவிடாது. நாலு இரும்புக் கைகள் அதன் காலைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஐந்து எஞ்சினும் முழு பலத்துக்கு வந்தது உறுதியான பிறகுதான் கைகள் விடும். குளிர்ந்த எரிபொருள் கலன்களின் மேல் படிந்திருந்த பனி தகடு தகடாக உதிரும். பிறகு, எழலாமா வேண்டாமா என்று யோசிப்பதைப் போல, கோபுரத்தை ஒட்டி மெதுவாக, மெதுவாக ஏறும். இதைச் சொல்லும்போது அவர் கை தானாக உயரும், விரல்கள் நடுங்கும். என் மகள் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பாள். தமிழ்ப் பள்ளிக்குப் போகமாட்டேன் என்று அழுத பெண், அந்தக் கதைக்காகவே போக ஆரம்பித்தாள். அவளுக்குப் பதினொரு வயது.

அந்த நாலு இரும்புக் கைகள் எதற்காக என்று அவர் ஒரு நாளாவது யோசித்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

பள்ளியின் விளையாட்டு விழாவுக்குத் தண்ணீர் ராக்கெட் விடுவதென்று அவர் முடிவு செய்தார். குளிர்பான பாட்டிலில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றி, காற்றை அடைத்து விட்டால் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு மேலே போகும். சாதாரணமாகச் சின்னப் பிள்ளைகளும் செய்வதுதான். அவர் சாதாரணமாகச் செய்வாரா? பெரிய பாட்டில்களை ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி, பிளாஸ்டிக் குழாய் பொருத்தி, என் மகளின் உயரத்துக்கு ஒன்றைக் கட்டினார். பிள்ளைகள் அதற்குக் கறுப்பும் வெள்ளையுமாகச் சாயம் பூசினார்கள். சைக்கிள் பம்பு போதாது என்று வீட்டிலிருந்து டயருக்குக் காற்றடிக்கும் இயந்திரத்தைக் கொண்டுவந்தார். பிள்ளைகளுக்கெல்லாம் பதவிகள் கொடுத்தார். என் மகளுக்கு ராக்கெட் நிற்கும் கம்பித் தாங்கி. "அது சாயாம பாத்துக்கறது உன் பொறுப்பு. சாஞ்சா நீதான் நிமித்தணும். வேற யாரும் தொடக்கூடாது." வீட்டில் வந்து இதை அவள் எங்களுக்கு எத்தனை முறை சொன்னாளோ.

விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை. வசந்தம் முடியும் சமயம், வெயில் ஏறத் தொடங்கியிருந்தது, பூங்காவில் நல்ல காற்று. சிறப்பு விருந்தினர் வழக்கம்போலத் தாமதம். நாலு மணி தாண்டியதும் அவர் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

"என்ன சார் டென்ஷன்?" என்றேன்.

"நாலரைக்கு ராகு காலம் வந்துடும் தம்பி. அதுக்குள்ள விட்டாகணும்."

மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்குப் போகிறவர்களைப் பார்த்து, முருகன் மயிலில் எத்தனை வேகத்தில் போவார் என்று கேட்டுச் சிரிக்கிறவர் இவர். எங்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கும் மன்னார்க்கார டீச்சர் பக்கத்தில் நின்றார்கள். அவர்கள் கத்தோலிக்கர்.

"அண்ணை, எனக்கு ராகுவும் தெரியாது, கேதுவும் தெரியாது," என்றார்கள். "ஆனா போன மாசம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி வச்சது நாங்கள்தானே? ராகுவுக்கு அதை ஆர் சொன்னது? உங்கட கணக்குப்படி பாத்தாலும் அவர் அஞ்சரைக்குத்தான் வருவார்."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தோம். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. ஊர்க் காலண்டரில் ஞாயிறு நாலரை என்று போட்டிருக்கிறது. இங்கே கோடைக்காக நேரத்தை மாற்றினால் அதுவும் மாறவேண்டும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. விண்வெளி பற்றிப் பேசுகிறவர். சிரிப்பு அடங்குவதற்குள் அவர் ஒலிவாங்கியைக் கையில் எடுத்துவிட்டார்.

"பத்து!"

நூறு பேருக்கு மேல் சேர்ந்து எண்ணத் தொடங்கினார்கள். அவர் ராக்கெட்டுக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தைப் பார்த்து நின்றார், ஏனென்றால் போனில் படம் பிடிப்பவர் முன்னால் இருந்தார். ஒரு கையில் ஒலிவாங்கி, மறு கையில் ராக்கெட்டை விடுவிக்கும் கயிறு. ஏழில் ஒரு காற்று அடித்தது. தாங்கியின் ஒரு கால் ஈரப் புல்லில் இறங்கி, ராக்கெட் சாய்ந்தது. அதைக் கண்டவள் என் மகள் ஒருத்திதான். அவளுடைய பொறுப்பு. தடுப்புக் கயிற்றுக்கு அடியில் குனிந்து ஓடினாள்.

நான் கத்தினேன். "நிறுத்துங்க! பிள்ளை! நிறுத்துங்க சார்!" எனக்கும் அவருக்கும் இடையில் ஒரு காரின் நீளம்கூட இல்லை. டீச்சரும் கத்தினார்கள்: "அண்ணை, பிள்ளை நிக்குது, பிள்ளை நிக்குது!" கூட்டத்துக்கு நாங்கள் ஆரவாரம் செய்வதாகத் தோன்றியிருக்க வேண்டும். அவர் இன்னும் உரக்க எண்ணினார். நான் தடுப்பைத் தாண்டி இரண்டடி வைத்தேன். அவர் கயிற்றை இழுத்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாக எழுத என்னால் இன்னும் முடியவில்லை. தண்ணீர் என் மேலெல்லாம் அடித்தது. அவள் புல்லில் உட்கார்ந்திருந்தாள். வலது கண்ணைப் பொத்திய விரல்களுக்கு இடையில் சிவப்பாக இருந்தது. கைதட்டல் கொஞ்ச நேரம் நடந்துகொண்டே இருந்தது.

புருவம் கிழிந்து தையல் போட்டார்கள். அது பெரிதல்ல. கண்ணுக்குள், கருவிழிக்குப் பின்னால் ரத்தம் கட்டியிருந்தது. அது தானாகக் கரைய வேண்டும், தலையை உயர்த்தி வைத்து அசையாமல் படுத்திருக்க வேண்டும், மறுபடி கசிந்தால் பார்வை போகலாம் என்றார் மருத்துவர். ஓடித் திரியும் பெண் பொம்மையைப் போலப் படுத்திருந்தாள். தும்மக்கூடப் பயந்தாள்.

அவர் பழக்கூடையோடு மருத்துவமனைக்கு வந்தார். நானும் அவரும் அறைக்கு வெளியே நின்றோம்.

"கவலைப்படாதீங்க தம்பி. பெரிய காரியம்னா இதெல்லாம் இருக்கும். நிலவுத் திட்டத்துல ஆரம்பத்துலயே மூணு பேர் தரையில வச்சே எரிஞ்சு செத்தாங்க. அவங்க நிறுத்தினாங்களா?"

அவர் போனபின் மகளின் படுக்கையருகே உட்கார்ந்து போனில் தேடிப் படித்தேன். நிறுத்தினார்கள். ஒன்றரை வருடத்துக்கு மேல் ஒரு மனிதரையும் ஏற்றவில்லை. விண்கலத்தின் கதவையே மாற்றிச் செய்தார்கள், உள்ளே இருப்பவர்கள் சட்டென்று திறந்து வெளியேறும்படி. தொடர்ந்து படித்தேன். அந்த ராட்சத ராக்கெட்டுகளின் எண்ணிக்கையில் திட்டமிட்டே நிறுத்தங்கள் வைத்திருந்தார்களாம். ஒன்றும் கெடாவிட்டாலும் குறிப்பிட்ட இடத்தில் எண்ணுவதை நிறுத்திக் காத்திருப்பார்கள், பின்தங்கிய வேலைகள் முடிந்து சேர்ந்துகொள்வதற்காக. ஒவ்வொரு பகுதிக்கும் பொறுப்பானவரைத் தனித்தனியாகக் கேட்பார்கள், போகலாமா என்று. நிலவுக்கு மனிதரை ஏற்றிப்போன கடைசி ராக்கெட்டில், அரை நிமிடம் இருக்கும்போது இயந்திரமே எண்ணிக்கையை நிறுத்திவிட்டது. அத்தனை பேரும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து காத்திருந்து, சரி பார்த்து, பிறகுதான் விட்டார்கள். யாரும் அதை அவமானமாக நினைக்கவில்லை. நிலாவும் நின்றிருந்தது.

எத்தனை வருடம், எத்தனை விருந்துகளில் அந்த மனிதரின் பேச்சைக் கேட்டிருப்போம்! ராக்கெட்டின் எடை எத்தனை யானை, அதன் சத்தம் எத்தனை மைல் கேட்டது, எல்லாம் எங்களுக்கு மனப்பாடம். அதைச் செய்தவர்கள் எண்ணத் தெரிந்தவர்கள் மட்டுமல்ல, நிறுத்தத் தெரிந்தவர்கள் என்பதை ஒரு நாளும் அவர் சொன்னதில்லை. அவருக்கே தெரிந்திருக்காது. எஞ்சினின் வாய்க்குள் நின்று படம் எடுத்துக்கொண்டு வந்தவருக்கு அவ்வளவுதான் தெரியும்.

பார்வை தப்பியது. ஆனால் வலது கண்ணின் பாவை விரிந்தபடியே நின்றுவிட்டது, வெளிச்சத்துக்குச் சுருங்காது. வெயிலில் கறுப்புக் கண்ணாடி வேண்டும். கண்ணின் அழுத்தத்தை ஆயுள் முழுக்கச் சோதித்துக்கொண்டிருக்க வேண்டும். புத்தாண்டு இரவு நகரமே சேர்ந்து எண்ணும்போது நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொள்கிறேன், அது என் பிரச்சினை. அவளுடையது வேறு. வீட்டுக்கு வந்து பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "பிள்ளை ஏன்மா குறுக்க போனா?" அன்பாகத்தான் கேட்டார்கள். சார் பக்கம் தப்பு இருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, அவர் எண்ணிக்கொண்டுதானே இருந்தார். கேட்கக் கேட்க அவளும் நம்பிவிட்டாள். ஒரு நாள் பள்ளிக்கு இறக்கிவிடும்போது காரிலிருந்து இறங்காமல், "அப்பா, ஐ ருயின்ட் இட், இல்ல?" என்றாள். ராக்கெட்டைத் தானே கெடுத்துவிட்டதாகச் சொன்னாள்.

பார்வை தப்பியதற்காக நான் கும்பிடாத கோயில் இல்லை. இதற்கு எந்தக் கோயிலுக்குப் போவது?

இரண்டு வாரம் கழித்து அவர் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பெட்டி. அதே நிலவு ராக்கெட்டின் பிளாஸ்டிக் மாதிரி, ஒட்டிச் சேர்க்க வேண்டியது. செயற்குழு கூடப்போகிறது, டீச்சர் ஏதேதோ புகார் எழுதிக் கொடுத்திருக்கிறார், இது விபத்துதான் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார். காப்பியை ரசித்துக் குடித்தார். என் மகள் நடையில், கதவுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

"ஒண்ணு மட்டும் கேக்கணும் சார்," என்றேன். "அன்னிக்கு நான் கத்தினது உங்களுக்குக் கேக்கலையா?"

கேட்கவில்லை என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பேன். கூட்டம், இரைச்சல், ஒலிபெருக்கி. யாருக்கும் கேட்டிருக்காது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

"கேட்டுச்சே," என்றார். "டீச்சர் கத்தினதும் கேட்டுது."

"அப்புறம் ஏன் சார்?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். இதுகூடத் தெரியாதா என்பதைப் போல.

"மூணுக்கு வந்துட்டேனே தம்பி."

கோப்பையைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் ஒன்றுமே இல்லை. பச்சை விளக்கு எரிந்தது, அதனால் போனேன் என்று சொல்கிறவரின் முகம். நான் எழுந்து பெட்டியை அவர் கையில் திருப்பிக் கொடுத்து, வாசல் கதவைத் திறந்தேன்.

அவர் காரில் ஏறிப் பின்னால் எடுக்கத் தொடங்கினார். அப்போதுதான் பார்த்தேன். வீட்டின் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போயிருந்த என் மகள், காருக்குப் பின்னால், சரிவான சிமெண்டுப் பாதையின் நடுவில், செருப்பில்லாமல் நின்றுகொண்டிருந்தாள். கறுப்புக் கண்ணாடி இல்லை. வெயிலுக்கு வலது கண்ணை மட்டும் இடுக்கிக்கொண்டிருந்தாள். நான் கத்தினேனா என்று நினைவில்லை. கால்கள் மட்டும் ஓடின.

கார் கீச்சிட்டு, குலுங்கி நின்றது. அவர் நிறுத்தவில்லை. புதுக் கார், பின்னால் ஆள் இருந்தால் அதுவே பிரேக் போட்டுக்கொள்ளும் வகை.

அவர் கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். "என்னம்மா இது, இப்படிக் குறுக்க வந்துட்ட?"

வீட்டில் நாங்கள் தமிழில் எது கேட்டாலும் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் பெண் அவள்.

"நான் குறுக்க வரல அங்கிள்," என்றாள் தமிழில், நிதானமாக. "அன்னிக்கும் வரல. நீங்க திரும்பிப் பாக்கல."

சொல்லிவிட்டு என்னைக் கடந்து வீட்டுக்குள் போனாள். அவர் ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் காரைச் சுற்றி வந்து குனிந்து, பின்பக்கத்தில் கீறல் ஏதாவது விழுந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தார்.